காலண்டர் முருகனிடம் சொன்னது

ஏப்ரல் 15, செவ்வாய்

காலை அரிசிக் கஞ்சி அரை டம்ளர். மதியம் இளநீர். மாலை ஒன்றுமில்லை. வாந்தி ஒரு தடவை. காய்ச்சல் இல்லை.

இப்படித்தான் எழுத வேண்டும் என்று சிஸ்டர் சொன்னார். தினமும் ஒரு நோட்டில் குறித்து வைத்தால் டாக்டருக்குச் சுலபமாம். என் மகள் ஓவியாவின் பள்ளிக்கூட நோட்டு ஒன்று பாதி காலியாகக் கிடந்தது. கையோடு எடுத்து வந்தது நல்லதாகப் போயிற்று.

இன்று அத்தைக்கு முதல் மருந்து ஏற்றினார்கள். உணவுக்குழாயில் கட்டி. வாரம் ஒரு நாள் மருந்து, சனி ஞாயிறு தவிர தினமும் கரண்ட். கரண்ட் என்றால் கதிர்வீச்சு. இங்கே எல்லாரும் கரண்ட் வைப்பது என்றுதான் சொல்கிறார்கள். கோவில்பட்டியிலிருந்து மதுரைக்குத் தினமும் பஸ்ஸில் வந்து போக அத்தையின் உடம்பு தாங்காது. அதனால் ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரு மாடி அறை எடுத்திருக்கிறோம். ஓவியா சாத்தூரில் என் அக்கா வீட்டில் இருக்கிறாள். அத்தைக்கு ஒரே மகன். அந்த ஒரே மகன் மஸ்கட்டில் ஏசி மாட்டிக்கொண்டிருக்கிறார். ஆகவே நான்.

மருந்து ஏறும்போது சிஸ்டர் எங்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு சொன்னார். "இந்த மருந்துல வெள்ளையணு குறைஞ்சிரும். அப்ப காய்ச்சல் வந்தா அது சாதாரணக் காய்ச்சல் இல்ல. லேசா குளிர் நடுக்கம் வந்தாலும் அப்பவே தூக்கிட்டு வந்துரணும். விட்டா உயிருக்கே ஆபத்து. அம்மா, உடம்புல என்ன செஞ்சாலும் உங்க மருமககிட்ட சொல்லிருங்க, சரியா?"

அத்தை சிஸ்டரைப் பார்த்துத் தலையாட்டினார். நானும் சிஸ்டரைப் பார்த்துத் தலையாட்டினேன். நாங்கள் இரண்டு பேரும் பேசி ஆறு வருஷம் ஆகிறது என்பது சிஸ்டருக்கு எப்படித் தெரியும்?

ஏப்ரல் 17, வியாழன்

கஞ்சி முக்கால் டம்ளர். மோர். வாந்தி இல்லை. காய்ச்சல் இல்லை.

ஊரில் இருக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. நடுவில் ஓவியா இருந்தாள். "உங்கம்மாட்ட சொல்லு, பால்காரர் நாளைக்கு வரமாட்டாராம்." "ஆச்சிட்ட சொல்லு, எனக்குத் தெரியும்." அவளும் எங்கள் இருவர் சொல்வதிலும் சூட்டைக் கழித்துவிட்டுப் பக்குவமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். இந்த அறையில் அத்தை, நான், ஒரு கட்டில், ஒரு பாய், ஒரு மின்னடுப்பு. முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன ஒரு காலண்டர் சுவரில் தொங்குகிறது. அதில் முருகன் இருக்கிறார்.

இன்று அத்தை அவரிடம் பேச ஆரம்பித்துவிட்டார்.

"முருகா, கஞ்சியில உப்புன்னு ஒண்ணு போட்டாகளா, இல்ல அதையும் டாக்டரு வேண்டாம்ன்னாகளான்னு கேட்டுச் சொல்லுப்பா."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு முருகனையே கழற்றி வெளியே வைத்திருப்பேன். போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, மஸ்கட்டுக்குப் பேசுவதுபோல, "ஆமாங்க, உப்பு போட்டுத்தான் இருக்கு. நாக்கு செத்துப்போன ஆளுக்கு உப்பு எப்படித் தெரியும்?" என்றேன்.

அத்தை அந்தப் பக்கம் திரும்பிக் குடித்தார். முக்கால் டம்ளர் இறங்கியது. அது போதும்.

ஏப்ரல் 18, வெள்ளி

மேலே சொன்ன மாதிரியே.

ஏப்ரல் 20, ஞாயிறு

கஞ்சி அரை. பருப்புத் தண்ணீர் கொஞ்சம். காய்ச்சல் இல்லை.

ஞாயிறு கரண்ட் கிடையாது. துணி துவைத்தேன். பக்கத்து அறை ஜெய்னம்பு அக்காவின் ஊர் ராமநாதபுரம். அவர் கணவருக்குத் தொண்டையில். மாடியில் துணி காயப்போடும்போது கேட்டார்.

"ஏன் தங்கச்சி, ரெண்டு பேருக்கும் அப்படி என்னதான் சண்ட?"

சொன்னேன். ஓவியாவுக்கு மூன்று வயதில் காது குத்து. என் தம்பி, தாய்மாமன், சீர்த்தட்டோடு வந்த வேன் சாத்தூர் தாண்டிப் பழுதாகி நின்றுவிட்டது. வந்துகொண்டே இருக்கிறேன் என்று போன் செய்கிறான். நல்ல நேரம் முடியப்போகிறது என்று அத்தை தன் அண்ணன் மகனைக் கூப்பிட்டு, அவன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துக் காதைக் குத்தச் சொல்லிவிட்டார். நான் அடுப்படியில் இருந்தேன். பிள்ளை அழும் சத்தம் கேட்டு ஓடிவந்தால் தோடு மாட்டியாகிவிட்டது. அடுத்த பத்தாவது நிமிடம் என் தம்பி தட்டோடு வாசலில் நிற்கிறான். தட்டை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பிப்போனவன் இன்றுவரை அந்த வாசலை மிதிக்கவில்லை.

ஜெய்னம்பு அக்கா வாயில் கிளிப்பை வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு, "பெரிய குத்தம்தான். ஆனா ஆறு வருசமா?" என்றார்.

எனக்கும் அது சில நேரம் தோன்றுவதுண்டு. ஆனால் யார் முதலில் வாயைத் திறப்பது? ஒரு நாள் பேசாமல் விட்டது ஒரு வாரம் ஆனது. ஒரு வருஷம் போனபின் பேச ஆரம்பிப்பதுதான் வெட்கமாக இருந்தது.

ஏப்ரல் 24, வியாழன்

இளநீர் மட்டும். வாய் முழுக்கப் புண். காய்ச்சல் இல்லை.

ஊரில் பிளவுஸ் தைக்கக் கொடுத்தவர்கள் விடாமல் கூப்பிடுகிறார்கள். சித்திரையில் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு என் மாமியாரின் உணவுக்குழாயைப் பற்றி என்ன?

இன்று ஒரு கூத்து. அத்தை முருகனிடம், "வெந்நி ஆறிப்போனப்புறம் கொண்டாந்து வைக்கிறதுக்கு வைக்காமயே இருக்கலாம்" என்றார். நான் போனைக் காதில் வைத்து, "கேட்டீகளா உங்கம்மா சொல்றத" என்று ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்துக் காதிலேயே போன் அடித்தது. நிஜமாகவே அவர்தான்.

அத்தையின் போர்வை குலுங்கியது. வாய்ப்புண்ணோடு சிரித்தால் வலிக்கும். வலிக்கட்டும் என்று நினைத்தேன். ஆனால் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வராண்டாவுக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

மூன்றாவது மருந்து. அத்தை நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். வாய் திறந்திருந்தது. தூங்கும்போது அவர் முகத்தை நேராகப் பார்க்கலாம். ரொம்பவே சுருங்கிவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. வரவேண்டுமோ என்று யோசித்தேன். காலை எழுந்து தண்ணீர் பிடித்து, கஞ்சி காய்ச்சி, அவரைக் குளிப்பாட்டி, சேலை சுற்றிவிட்டு, ஆட்டோ பிடித்து, வரிசையில் உட்கார்ந்து, திரும்பிவந்து மறுபடி கஞ்சி காய்ச்சுகிறேன். குளிப்பாட்டும்போதுகூடப் பேச்சில்லை. கையைத் தூக்கு என்றால் தோளைத் தொடுவேன். தூக்குவார். இதில் அழ எங்கே இடம் இருக்கிறது?

மே 4, ஞாயிறு

கஞ்சி கால் டம்ளர். காய்ச்சல் பார்க்கவில்லை.

இன்று கத்திரி ஆரம்பம். மாடி அறையில் சுவரைத் தொட்டால் சுடுகிறது. மதியம் அடுப்புப் பக்கம் நின்று பருப்பு வேகவைத்துவிட்டு வந்து ஃபேனை முழு வேகத்தில் வைத்தேன். அதன் கீழேதான் நானும் படுக்க வேண்டும்.

உடனே முருகனுக்கு மனு போயிற்று. "முருகா, குளிருதுப்பா. மார்கழி கணக்கால்ல இருக்கு."

கத்திரி வெயிலில் மார்கழியாம். ஊரிலும் இதே கதைதான். "அவளுக்குக் காத்தாடி இல்லாம முடியாது, அரமனையில பெறந்தவ" என்று அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்வார். அந்த ஞாபகம் வந்ததும் எனக்குச் சுர்ரென்றது. போனை எடுத்து, "ஆமாங்க, காத்து வாங்குறதுகூடச் சில பேருக்குக் கண்ணை உறுத்துது" என்றேன். ஃபேனைக் குறைக்கவில்லை.

அத்தை போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்.

சாயங்காலம் வழக்கம்போலத் தெர்மாமீட்டரைக் கட்டிலில் வைத்தேன். தினமும் அவரே வாயில் வைத்துப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவார், நான் எடுத்துப் படிப்பேன். இன்று வைத்தது வைத்தபடி இருக்கிறது. கோபத்தில் வைக்கவில்லை போல. கேட்பதென்றால் எப்படிக் கேட்பது? இருக்கட்டும், நாளைக்குத்தான் ஆஸ்பத்திரி போகிறோமே.

மே 5, திங்கள்

அத்தையை ஐ.சி.யூ.வில் வைத்திருக்கிறார்கள்.

மே 7, புதன்

எழுத வேண்டிய கஞ்சிக் கணக்கு ஏதும் இல்லை. குழாய் வழியாகக் கொடுக்கிறார்கள். நோட்டு கையில் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

திங்கள் காலை ஆட்டோவுக்கு நேரமாயிற்று என்று தோளைத் தொட்டேன். கை சுட்டது. திருப்பிப் பார்த்தால் கண் எங்கோ இருக்கிறது. உதடு நடுங்கிக்கொண்டே இருந்தது. "செம்பகம் இன்னும் சாப்பிடல. அவளுக்குச் சோறு எடுத்து வையி" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. என் பெயரை அவர் வாயால் கேட்டு எத்தனை காலம். நான் அப்படியே நின்றுவிட்டேன். அப்புறம் கத்தினேன் போல. ஜெய்னம்பு அக்காதான் ஓடிவந்து, கீழே போய் ஆட்டோவை நிறுத்தி, அத்தையின் காலைப் பிடித்துப் படியில் இறக்கினார்.

டாக்டர் சின்ன வயதுக்காரர். அதட்டவில்லை. அதட்டியிருக்கலாம்.

"காய்ச்சல் நேத்தே ஆரம்பிச்சிருக்கணும். நடுக்கம் இருந்துச்சா? குளிருதுன்னு எதுவும் சொல்லலையா?"

"எங்கிட்ட சொல்லல டாக்டர்" என்றேன்.

அது பொய்யில்லை. என்னிடம் சொல்லவில்லைதான்.

ரத்தத்தில் கிருமி பரவியிருக்கிறதாம். வெள்ளையணு சுத்தமாக இல்லையாம். இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்கிறார்கள். மஸ்கட்டுக்குச் சொன்னேன். அவர் அழுதார். லீவு கேட்டிருக்கிறாராம். "நீ கூடத்தான இருந்த செம்பா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். கூடத்தான் இருந்தேன். அதே அறையில், அதே ஃபேனுக்குக் கீழே.

ஐ.சி.யூ. வாசலில் நாற்காலிகள் இரும்பு. உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு மரத்துவிட்டது. இடுப்பு மட்டுமில்லை. ஜெய்னம்பு அக்கா கொண்டுவந்த இடியாப்பத்தைத் தின்றேன். ருசி தெரியவில்லை. தின்று முடித்துவிட்டேன்.

மே 9, வெள்ளி

கண் விழித்தார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பிழைத்துவிடுவார்.

மே 12, திங்கள்

வார்டுக்கு மாற்றினார்கள். ஆறு கட்டில் உள்ள வார்டு. காலை குழாயை எடுத்துவிட்டார்கள். மோர் இரண்டு மடக்கு.

இன்று நடந்ததை முழுதாக எழுதிவிடுகிறேன்.

அத்தை மூக்குக்கண்ணாடியைத் தேடினார். கையால் படுக்கையைத் தடவிவிட்டு, மேலே தொங்குகிற குளுகோஸ் பாட்டிலைப் பார்த்து, "கண்ணாடிய எங்க கொண்டுபோய் வச்சாகளோ" என்றார். முருகன் இல்லாத இடத்தில் குளுகோஸ் பாட்டில். எட்டு நாளாக நான் விழுங்கி வைத்திருந்தது எல்லாம் அந்த நொடியில் மேலே வந்துவிட்டது.

"கண்ணாடி உங்க தலைமாட்டுல இருக்கு. கண்ணாடி வேணும்னா வேணும்னு சொல்லுங்க. குளிருதுன்னா குளிருதுன்னு சொல்லுங்க. எம் மொகத்தப் பாத்துச் சொன்னா வாயில இருக்க முத்தா உதிர்ந்துரும்?"

அத்தை என்னைப் பார்த்தார். நேராகப் பார்த்தார்.

"சொன்னேம்ல."

"யாருட்ட சொன்னீக? காலண்டர்ட்ட சொன்னீக. காலண்டரா வந்து ஆட்டோ பிடிக்கும்?"

"ஒனக்குக் காது இல்லையா? நீ அங்கனதான இருந்த? கேட்டயா இல்லையா?"

பொய் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

"கேட்டேன்."

"கேட்டுட்டு?"

"கேட்டுட்டுக் காத்தாடியக் கொறைக்காம இருந்தேன். குத்திக்காட்டுதீகன்னு நெனச்சேன். நடுங்கிச் செத்திருப்பீக. போதுமா?"

சொல்லும்போது என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அத்தை தலைமாட்டைத் தடவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, என்னவோ நேற்று நடந்ததுபோல, "ஒந்தம்பிக்காகத்தான ஒனக்கு இம்புட்டு ஆங்காரம்" என்றார்.

அவ்வளவுதான், காது குத்துக் கதை முழுதும் வெளியே வந்துவிட்டது.

"பத்து நிமிசம் பொறுக்கக் கூடாதா? தட்டத் தூக்கிக்கிட்டு வாசல்ல நின்னானே, அவன் மூஞ்சியப் பாத்தீகளா நீங்க?"

"ராகுகாலம் பொறக்கப் போகுது, ஆசாரி வேற வீட்டுக்குப் போகணும்னு குதிக்காரு, பிள்ள பசியில கத்துது. நா என்ன செய்ய? ஒங்கிட்ட கேக்கலாம்னா நீ அடுப்படியில கெடக்க."

"ஒரு சத்தம் குடுத்தா வந்திருப்பேன்ல? எம்பிள்ளைக்குக் காது குத்த எங்கிட்ட ஒரு வார்த்த கேக்க வேண்டாமா?"

எதிர்க்கட்டில் நோயாளிக்குத் துணையிருந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "தாய்மாமன் மடி இல்லாமக் காது குத்தலாமா ஆத்தா? தப்புத்தான அது?" என்றார்.

அத்தை மூச்சு வாங்கிக்கொண்டே தலையை உயர்த்தினார். "நீ எந்த ஊரு? எங்க வீட்டுப் பேச்சுல நீ எதுக்குக் குறுக்க வார?"

"நீங்க உங்க வேலையப் பாருங்க" என்று நானும் அந்த அம்மாவிடம் சொன்னேன்.

சிஸ்டர் ஓடிவந்து, "இது ஆஸ்பத்திரியா சந்தைக்கடையா? அந்தம்மா பல்ஸ் எகிறுது, வெளிய போங்க" என்று என்னை விரட்டினார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பின்னாலிருந்து அத்தை, "அவ எங்க போவா? அவ போனா எனக்கு யாரு இருக்கா?" என்று சிஸ்டரிடம் சண்டைக்குப் போனார்.

படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். நிறைய நேரம். நன்றாக இருந்தது.

மே 13, செவ்வாய்

இன்று நாங்கள் இரண்டு பேரும் பேசவே இல்லை. இது வேறு மாதிரி. என்ன பேசுவது என்று தெரியாமல். கடைசியில் அத்தைதான், "சாப்பிட்டயா?" என்றார். "ம்" என்றேன். அவ்வளவுதான்.

மே 27, செவ்வாய்

கஞ்சி ஒரு டம்ளர், ராகிக் கூழ் கொஞ்சம். காய்ச்சல் இல்லை. கரண்ட் மறுபடி ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிறது. மருந்தைக் குறைத்திருக்கிறார்கள்.

இப்போதெல்லாம் அத்தைக்கு வாய் ஓய்வதில்லை. கழுத்துத் தோல் கருகிவிட்டது, எரிகிறது என்கிறார். கஞ்சி நெஞ்சில் நிற்கிறது என்கிறார். இடது கால் மரத்துவிட்டது, முதுகில் அரிக்கிறது, நேற்றைவிட இன்று மூச்சு பரவாயில்லை, கரண்ட் வைக்கிற பையன் சிரிக்கவே மாட்டான், நீ தைத்த பிளவுஸ் தொளதொளவென்று இருக்கிறது, எல்லாம் சொல்கிறார். தெர்மாமீட்டரை வாயில் வைத்துக்கொண்டே சொல்கிறார். வாயை மூடுங்கள், காய்ச்சல் தெரியாது என்று நான் அதட்ட வேண்டியிருக்கிறது. ஆறு வருஷம் இதையெல்லாம் எங்கே வைத்திருந்தாரோ.

என் தம்பிக்குப் போன் போட்டுத் தரச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். "தம்பி, நாந்தான் ஓவியா ஆச்சி பேசுதேன்" என்றார். அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னானோ தெரியவில்லை. அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார். "செரிப்பா, செரிப்பா" என்றார். போனைத் திருப்பித் தரும்போது, "நல்லா வையிதான். வையட்டும்" என்றார்.

மஸ்கட்டில் லீவு தரவில்லை. அவரிடம் நாங்கள் பேசிக்கொள்வதைச் சொல்லவில்லை. சொல்ல ஒரு மாதிரி இருந்தது. அவரும் கேட்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

கரண்ட் முடிந்தது. ரத்தப் பரிசோதனையில் ஏதோ சரியாக இல்லையாம். ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு ஊருக்கு அனுப்புகிறோம் என்றார்கள். அத்தை பையை இப்போதே கட்டி வைத்துவிட்டார்.

ஜூன் 17, செவ்வாய்

ராகிக் கூழ். பப்பாளி மசித்தது. காய்ச்சல் இல்லை.

டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அத்தை வெளியே வரிசையில் உட்கார்ந்து பக்கத்துக்காரியிடம் ஊர் விசாரித்துக்கொண்டிருந்தார்.

கல்லீரலில் இருக்கிறதாம். ஒன்று இல்லை, நிறைய. இனி வேறு மருந்து போட்டுக் கட்டுப்படுத்திப் பார்க்கலாம், முழுதாகக் குணமாக்குவது என்ற பேச்சு இனி இல்லை என்றார். அவர் சொன்னதெல்லாம் எனக்கு நன்றாகக் கேட்டது. மேஜையில் ஒரு பேனா மூடி இல்லாமல் கிடந்தது. மூடி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். "அவங்களுக்கு எவ்வளவு சொல்றதுன்னு வீட்டுல பேசி முடிவு பண்ணிக்கோங்க" என்றார். சரி என்றேன்.

வெளியே வந்ததும் அத்தை கேட்டார். "என்னங்காரு?"

"மருந்த மாத்திப் போடணுமாம். ஊருக்குப் போறது தள்ளிப்போகும்" என்றேன்.

மாடிக்குப் போய் மஸ்கட்டுக்குப் பேசினேன். அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார். "அம்மாட்ட சொல்லிராத செம்பா. தாங்க மாட்டா. நீ எப்பவும் போல இரு. நல்லவேள, நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல. உனக்குப் பெரிய கஷ்டம் இல்ல."

ஆமாங்க என்றேன்.

ஜூன் 18, புதன்

வாந்தி இல்லை. காய்ச்சல் இல்லை. பேச்சு இல்லை.

ஜூன் 19, வியாழன்

பேசாமல் இருப்பது எனக்குப் புதிதா என்ன? கை தானாக வேலை செய்கிறது. கஞ்சியை வைத்துவிட்டு வராண்டாவுக்குப் போய்விடுகிறேன். வாயைத் திறந்தால் எது வெளியே வரும் என்று எனக்கே தெரியவில்லை. அத்தை இரண்டு தடவை கூப்பிட்டார். கேட்காததுபோல் இருந்துவிட்டேன். மூன்றாவது தடவை கூப்பிடவில்லை.

ஜூன் 20, வெள்ளி

காலையில் குளிப்பாட்டினேன். கையைத் தூக்கச் சொல்லித் தோளைத் தொட்டேன். அத்தை கையைத் தூக்கவில்லை.

"மூணு நாளாச்சு" என்றார். "மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு அலையுத."

நான் சோப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்கிட்டப் பாரு. எம்மேல எதும் கோவமா? இல்ல, டாக்டரு எதுவும் சொன்னாரா? கோவம்னா கோவம்னு சொல்லு. நா என்ன செஞ்சேன்னு கேக்கக்கூட மாட்டேன். ஒம் பாட்டுக்கு வையி. ரெண்டுல எதுன்னு மட்டும் சொல்லிரு."

கண்ணை என் முகத்தை விட்டு எடுக்கவில்லை. அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. எந்தப் பதில் வேண்டும் என்று கெஞ்சுகிறார் என்றும் தெரிந்தது. கோபம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மகன் எப்பவும் போல இரு என்றதும் அதைத்தான் போல. ஆறு வருஷம் சொல்லாமலே சொன்ன வார்த்தைதான்.

தண்ணீர் வாளியில் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. குழாயை மூடினேன்.

"கோவமில்ல, அத்தே" என்றேன்.

அவர் ஈர முதுகோடு அந்தப் பலகையில் உட்கார்ந்திருந்தார். துண்டை எடுத்துப் போர்த்தினேன். துண்டைப் பிடித்துக்கொண்டே, "எங்கன இருக்காம்?" என்று கேட்டார். வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினேன். அவரும் அதே இடத்தில் தன் விரலை வைத்து அமுக்கிப் பார்த்தார்.

"வலிக்கலையே."

"வலிச்சா எங்கிட்டச் சொல்லணும்."

"சொல்லுதேன்."

தலை துவட்டிவிட்டேன். மிச்சமிருந்த முடியைப் பின்னால் சேர்த்து முடிந்தேன். சேலை சுற்றும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிடியில் நடுக்கம் இருந்தது. கை சுடவில்லை, தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. கட்டிலுக்கு வந்து உட்கார்ந்தபின்தான் சொன்னார்.

"கோவம்னு நீ சொல்லியிருந்தா நா நம்பியிருப்பேன், பிள்ள."